உண்ணிக்கு இங்கிலீஷில் என்ன?

1

போன வாரம் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் பழைய லைசென்ஸிலிருந்த படத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்கள் அக்காவுடையதா?" என்று கேட்டாள். வீட்டில் இருந்த வேறு யாருடைய அட்டையையோ தெரியாமல் எடுத்து வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

"நான்தான். அப்போது உடம்பு சரியில்லை" என்றேன்.

அந்தப் படத்தில் என் வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். இடது கண் மட்டும் எதையோ கண்டு மிரண்டதுபோல் அகலத் திறந்திருக்கும். அவள் புதுப் படம் எடுத்துக்கொடுத்தாள்.

சங்கரன்கோவிலில் என்னைத் தெரிந்தவர்கள் பலர் கடைசியாகப் பார்த்தது அந்த முகத்தைத்தான். என் தம்பி கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அதன்பின் நான் ஊருக்கு வரவில்லை. "வாய் சரியாயிட்டா?" என்று இன்றைக்கும் யாராவது கடிதத்தில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இரண்டு வரி எழுதி அலுத்துவிட்டது. நடந்ததை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

எங்கள் பூர்வீகம் குருவிகுளம் பக்கம். வானம் பார்த்த பூமி, ஆடுதான் பிழைப்பு. நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் ஐயா சங்கரன்கோவிலில் வீடு பார்த்துக் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஆடுகள் மட்டும் அங்கேயே இருந்தன. அதனால் உண்ணி எனக்குப் புதிதல்ல. ஆட்டின் காதுமடலிலும் தொடையிடுக்கிலும் கொத்தாய் ஒட்டியிருக்கும். சனிக்கிழமைகளில் பிடுங்கிப் பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவேன். என் காலிலேயே எத்தனை முறை ஏறியிருக்கும்! நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

கல்யாணமாகி, எழுபதுகளின் நடுவில் இரண்டு வயது மகளோடு அமெரிக்கா வந்தேன். கனெக்டிகட் என்று ஒரு மாநிலம். என் கணவர் சண்முகையாவுக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர் வாசுதேவநல்லூர்க்காரர். நான் ஒரு சலவைக் கடையில் துணிகளை அளவுக்குத் திருத்தித் தைக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் காடு. அந்தி நேரத்தில் மான்கள் வந்து என் வெண்டைச் செடிகளைத் தின்றுவிட்டுப் போகும்.

தம்பிக்குக் கல்யாணம் நடந்த வருடம், ஜூன் மாதம், தோட்டத்தில் களை எடுத்துவிட்டு வந்து குளித்தபோது இடது கால் முட்டுக்குப் பின்னால் ஏதோ நிரடியது. கண்ணாடியில் பார்த்தால் உண்ணி. எங்கள் ஊர் உண்ணிபோல் இல்லை. எள்ளை விடச் சின்னது. ஆட்டுக்காரன் மகளுக்கு இது ஒரு விஷயமா? கிள்ளி எறிந்தேன். ஹாலில் படித்துக்கொண்டிருந்த என் மகள் உமாவிடம், "ஏட்டி, இங்கன பாரு, என்னை உண்ணி கடிச்சிருச்சு" என்றேன். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எதற்குச் சிரிக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு வளையம் வந்தது. நாளுக்கு நாள் அகன்றது. படர்தாமரை என்று நினைத்து, எதற்கும் காட்டிவிடுவோம் என்று எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன்.

"என்ன கடித்தது?" என்று கேட்டார்.

உண்ணிக்கு இங்கிலீஷில் என்ன? எனக்குத் தெரியவில்லை. "சின்னப் பூச்சி" என்றேன்.

"கொசுவா? சிலந்தியா?"

"இல்லை. ஆட்டில் இருக்கும் பூச்சி."

"வீட்டில் ஆடு வளர்க்கிறீர்களா?"

"இல்லை. என் தகப்பனார் வளர்த்தார்."

"எங்கே?"

"இந்தியாவில்."

பேனாவை வைத்துவிட்டு என்னைக் கனிவாகப் பார்த்தார். பிறகு அட்டையில் 'பூச்சிக்கடி' என்று எழுதி, ஒரு களிம்பு கொடுத்து அனுப்பினார். வளையம் தானாக மறைந்தது. ஜூலையில் மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. கோடைக்காய்ச்சல் என்றார். பிறகு முட்டு வலித்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே தைப்பதால் என்றார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. எல்லாமே நம்பும்படியாகவும் இருந்தன.

3

ஆவணியில் தம்பி நாயகத்துக்குக் கல்யாணம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் உமாவும் மட்டும் வந்தோம். கொல்லம் மெயிலில் வந்து சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கிய அன்று எனக்கு ஒன்றுமில்லை, அலுப்பையும் முட்டுவலியையும் தவிர. மூன்றாம் நாள் காலையில் அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்கிறேன், வாயின் இடது ஓரமாக ஒழுகிச் சேலையில் விழுகிறது. துடைத்துவிட்டு மறுபடி குடித்தேன். மறுபடியும் ஒழுகியது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த செம்பைக் கீழே போட்டாள்.

"ஏட்டி, ஒன் வாய்க்கு என்னட்டி ஆச்சு?"

கண்ணாடியில் பார்த்தபோது இடது பாதி வேறு யாருடையதோபோல் தொங்கிக்கொண்டிருந்தது. சிரித்துப் பார்த்தேன், வலது பாதி மட்டும் சிரித்தது. இடது கண்ணை மூட முடியவில்லை. உமா ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அதன்பின் என்னிடம் பேசும்போதெல்லாம் என் தோளைப் பார்த்துப் பேசினாள்.

டவுனில் ஒரு டாக்டரிடம் நாயகம் கூட்டிப்போனான். நல்ல டாக்டர். "முகவாதம். நரம்பு வீங்கியிருக்கு. பெரும்பாலும் தானா சரியாயிரும். கண்ணு காஞ்சிறாமப் பாத்துக்கோங்க" என்று சொல்லி, சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்தார். கண்ணைத் துணிகட்டி மூடிக்கொண்டு தூங்கச் சொன்னார். அவரிடம் நான் உண்ணியைப் பற்றிச் சொல்லவே இல்லை. முகத்துக்கும் முட்டுக்குப் பின்னால் வந்த வளையத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

வீட்டில் யாருக்கும் நோய் முதல் கவலையாக இல்லை. கல்யாணம் ஆறு நாளில். எங்கள் பழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் அவனுடைய அக்காதான் போட வேண்டும். அன்று மத்தியானம் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"கோவிச்சுக்கிடாத மக்கா. பொண்ணு வீட்டுக்காரங்க ஏதாவது சொல்லிப்பிட்டா... முடிச்சை மட்டும் ஒன் சித்தி மகள போடச் சொல்லுவமா? நீ உள்ள இருந்துக்கோ."

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பயம் அவளுக்கு. ஆனால் பத்தாயிரம் மைல் தாண்டி வந்தது உள்ளே இருந்துகொள்ளவா என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதால் இடது கண்ணில் மட்டும் நிற்காமல் வழிந்தது.

நாயகம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "யக்கா போடலைன்னா நானும் போடலை. பேசாம இரும்மா" என்றான். அம்மா எழுந்து போய்விட்டாள். "மாட்டாஸ்பத்திரி வரைக்கும் போறேன், கூட வாரியா? வீட்டுக்குள்ளயே கெடந்தா இன்னும் கிறுக்குப் பிடிக்கும்" என்று என்னைக் கூப்பிட்டான் அவன்.

4

ஐயாவுக்குப் பிறகு மந்தை நாயகம் பொறுப்பு. ஆடுகளுக்கு உண்ணி ஏறிப்போய், மருந்து கேட்கத்தான் அவன் போனான். டாக்டர் பெயர் அருணாசலம். ஐம்பது வயது இருக்கும். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு ஒரு கன்றுக்குட்டியின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையால் முகத்தின் பாதியை மறைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"மருந்தைத் தண்ணியில கலந்து ஆட்டை முக்கி எடுக்கணும், சும்மா தெளிச்சாப் போதாது" என்று நாயகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். "உண்ணி ரத்தத்தை மட்டும் குடிச்சிட்டுப் போவுதுன்னு நினைக்காதிய. அது வாயிலருந்து நோயும் உள்ள போவும். பசுமாட்டுக்கு வருதே உண்ணிக்காச்சல், பாத்திருக்கிய இல்ல?"

எனக்கு என்ன தோன்றியதோ, "என்னையுங்கூட அமெரிக்காவுல ஒரு உண்ணி கடிச்சிச்சு சார்" என்றேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான்.

அவர் திரும்பினார். "எப்போ?"

"ஜூன் மாசம்."

"கடிச்ச இடத்துல ஏதும் வந்துச்சா?"

வளையத்தைச் சொன்னேன்.

"காச்சல்?"

"மூணு நாள் இருந்துச்சு. பொறவு முட்டு குடைய ஆரம்பிச்சிச்சு. இன்னும் குடையுது."

கன்றுக்குட்டியை விட்டுவிட்டுக் கையைக் கழுவினார். என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அந்தத் துணியை எடுங்கம்மா" என்றார். எடுத்தேன். ஊரில் அதுவரை என்னைப் பார்த்தவர்களெல்லாம் ஒன்று பதறினார்கள், அல்லது பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். இவர் பதறவுமில்லை, திருப்பவுமில்லை.

"அங்கன உள்ள டாக்டர்கிட்ட உண்ணி கடிச்சதச் சொன்னியளா?"

"சின்னப் பூச்சின்னு சொன்னேன். உண்ணிக்கு இங்கிலீஷ்ல என்ன சார்?"

அவர் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்த சீட்டில், ஆட்டுக்கும் மாட்டுக்கும் மருந்து எழுதும் சீட்டு அது, பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். 'டிக்' கடித்தது, ஜூன் மாதம். வளையத் தடிப்பு. காய்ச்சல். முட்டுவலி. இப்போது முகம்.

"நான் மாட்டு டாக்டர். இது என்ன நோயின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசவும் மாட்டேன். ஆனா ரெண்டு மாசத்துக்குள்ள ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்திருக்கு. அதத் தனித்தனியாப் பாக்காதிய, சேத்து வச்சுப் பாக்கணும். ஒரு பசுவுக்கு இப்படின்னா இந்நேரம் ஊசி போட்டிருப்பேன். ஒங்களுக்கு நான் போடக் கூடாது. இதுக்குன்னே படிச்சவங்க அங்கன இருப்பாங்க, போய்ப் பாருங்க."

வீட்டுக்கு வந்து சீட்டைச் சொட்டு மருந்துக் குப்பிக்குக் கீழே வைத்தேன். சாயங்காலம் உமா அதை எடுத்துப் படித்தாள்.

"யாருக்கு டிக்?"

"எனக்குத்தான்."

"எப்போ?"

"ஜூன்ல. ஒன்கிட்ட சொன்னேனே, உண்ணி கடிச்சிருச்சுன்னு. நீகூடச் சிரிச்சியே."

அவள் முகம் மாறியதை எழுத எனக்குத் தெரியவில்லை. என் முகம் கோணியதிலிருந்து முதல்முறையாக நேராக அதைப் பார்த்தாள்.

"உண்ணின்னா டிக்கா?"

கணவரோடு வேலை பார்ப்பவர்களில் மலையாளி ஒருவர் உண்டு. பெயர் உண்ணி. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். உமாவுக்கு அவர் உண்ணி அங்கிள். அவர்தான் என்னைக் கடித்துவிட்டார் என்று நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அன்று சிரித்திருக்கிறாள்.

பிறகு கடகடவென்று ஆங்கிலத்தில் சொன்னாள். டிக் என்றால் அவளுக்கு நன்றாகத் தெரியும். வசந்தகாலத்தில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தாள் கொடுத்தார்களாம். கடித்தால் வளையம் வரும், காய்ச்சல் வரும், மூட்டு வீங்கும், முகம்கூட ஒருபக்கம் விழலாம் என்று அதில் இருந்ததாம். நோய்க்கு லைம் என்று பெயர். நாங்கள் இருக்கும் மாநிலத்திலேயே உள்ள ஓர் ஊரின் பெயர் அது.

"அந்தத் தாளை நீ எனக்கு ஏன் காட்டலை?"

"காட்டினேன் அம்மா. பெற்றோர் கையெழுத்துப் போடணும்னு இருந்தது. நீதான் போட்டே."

உண்மைதான். வாரத்துக்கு நாலு தாள் வரும். அவள் விரலால் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். எனக்கு உண்ணியைத் தெரியும், டிக்கைத் தெரியாது. அவளுக்கு டிக்கைத் தெரியும், உண்ணியைத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு மாதம் அப்படி இருந்திருக்கிறோம்.

அவள் அழ ஆரம்பித்தாள். "சாரிம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சமையலறையிலிருந்து அம்மா ஓடிவந்து, "என்ன நோயாம்?" என்று கேட்டாள். லைம் என்றேன்.

"லைம்னா சுண்ணாம்புல்லா? வெத்தலை போடுதவளுக்கு வராம ஒனக்கு ஏன்ட்டி வருது?"

அந்த அழுகையிலும் எனக்கும் உமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் சிரிப்பு பாதிதான்.

5

மறுநாள் டெலிபோன் ஆபீசில் அமெரிக்காவுக்கு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு நானும் நாயகமும் காத்திருந்தோம். காலையில் போனவர்களுக்கு மத்தியானம் லைன் கிடைத்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கணவர் குரல் கேட்டது.

"ஏங்க, எனக்கு முகவாதம் வந்திருக்கு. உண்ணியாலதான்!"

"உண்ணிக்கு என்ன? நேத்துகூட வேலைக்கு வந்தாரே!"

"அவரில்ல! ஆட்டு உண்ணி!"

நாயகம் போனைப் பிடுங்கி, உமா தாளில் எழுதிக்கொடுத்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஆபீசே அதிரக் கத்தினான். மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் என்ன புரிந்தது என்று தெரியாமலேயே வீட்டுக்கு வந்தோம். நாலாம் நாள் தந்தி வந்தது: டாக்டரைத் தேடுகிறேன், சீக்கிரம் வா.

கல்யாணத்தன்று காலையில் அம்மா எனக்குத் தலைசீவிப் பூ வைத்துவிட்டாள். கொஞ்சம் கூடுதலாகவே வைத்து, இடது காதோரம் சரம் தொங்கும்படி இழுத்துவிட்டாள். மறைக்கத்தான். நானும் தெரியாததுபோல் இருந்துவிட்டேன்.

மேளம் கொட்டியது. நாயகம் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். நான் குனிந்தேன். சுற்றிலும் எத்தனை கண்கள் என்று முதுகு சொன்னது. கயிறு கையிலிருந்து நழுவியது. அப்போது, குனிந்த தலை நிமிராமல் மணப்பெண் பேச்சியம்மாள் மெதுவாகச் சொன்னாள்:

"மைனி, அவசரப்படாதிய. நல்லா இறுக்கிக் கட்டுங்க."

இரண்டு முடிச்சும் போட்டேன். அந்தப் பெண்ணை அதற்கு முன் நான் ஒரே ஒருதரம்தான் பார்த்திருந்தேன். இன்றைக்கு வரை எனக்கு மாதம் தவறாமல் கடிதம் எழுதுகிறவள் அவள்தான்.

6

செப்டம்பரில் திரும்பி வந்தபோது முட்டு தேங்காய்போல் வீங்கிவிட்டது. மூட்டு நோய்களுக்கென்று ஒரு பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவு இருப்பதைக் கணவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அங்கே நேராகப் போய்விட முடியாது. குடும்ப டாக்டர் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் பார்த்து இன்ஷூரன்ஸ்காரர்கள் சம்மதிக்க வேண்டும். அதன்பின் நாள் கொடுப்பார்கள்.

குடும்ப டாக்டர் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நோய் இல்லை என்று வந்தது. "இல்லாத நோய்க்கு எதற்குக் கடிதம்? தவிர, உங்கள் அட்டையில் டிக் கடித்ததாக எங்கேயும் இல்லையே" என்றார். என் வாயிலிருந்து வந்த சொல்தான் அங்கே மையில் இருந்தது: பூச்சி.

ஊரில் என்றால் சண்டை போடத் தெரியும். குரலை உயர்த்தலாம், அண்ணாச்சி என்று கெஞ்சலாம், தெரிந்தவரைக் கூட்டிப்போகலாம். இங்கே என் கோபத்துக்கு வார்த்தை போதாது. "நான் சொன்னது தப்பு. உண்மை அது இல்லை" என்றேன். அதைக் கேட்டு அவருக்குச் சந்தேகம்தான் கூடியது. கடைசியில் என் கணவர், அதிகம் பேசாதவர், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கடிதம் வாங்காமல் நாங்கள் போகப் போவதில்லை" என்றார். கொஞ்ச நேரத்தில் கடிதம் வந்தது.

பல்கலைக்கழக ஆஸ்பத்திரி நவம்பர் கடைசியில் நாள் கொடுத்தது. இன்னும் இரண்டு மாதம். நான் படியிறங்க முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்த நாட்கள் அவை. லைசென்ஸ் படமும் அப்போது எடுத்ததுதான்.

ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். உமா போனில் பேசிக்கொண்டிருந்தாள். பெரிய மனுஷிக் குரல். "நான் மிஸஸ் சண்முகையா பேசுகிறேன். இன்றைக்கு யாராவது வராமல் போனார்களா? இல்லையா? சரி, நாளைக்குக் கூப்பிடுகிறேன்." பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் ஆஸ்பத்திரிக்கு என் பெயரில் போன் செய்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் திருடியவள்போல் விழித்தாள். நான் நேராக அடுப்படிக்குப் போய்விட்டேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, யாரோ ஒருவர் வரவில்லை. அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

7

நரைத்த தலை, தட்டையான செருப்பு, அறுபதை நெருங்கும் பெண்மணி. அவர்தான் நிபுணர். "ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள். உங்களுக்கு எந்த மொழி வசதியோ அதில் சொல்லுங்கள். உங்கள் பெண் எனக்குச் சொல்லட்டும்" என்றார். இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடத்தில் எந்த அதிகாரியும் எந்த டாக்டரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

நான் தமிழில் சொன்னேன். தோட்டம், உண்ணி, வளையம், காய்ச்சல், காப்பி ஒழுகியது, எல்லாம். உமா ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். முட்டுக்கு வந்ததும் நின்றாள்.

"அம்மா, குடைச்சல்னா என்ன? வலியா?"

"வலிதான். ஆனா வலின்னா மேல வலிக்கும். இது உள்ள எலும்புக்குள்ள ஏதோ துளைபோடுத மாதிரி இருக்கும். நின்னு நின்னு வரும்."

"கடுப்புன்னா?"

"அது வேற. காலைத் தொங்கப்போட்டா வருதே, அது."

உமா யோசித்து யோசித்து, கையால் திருகிக் காட்டிச் சொன்னாள். டாக்டர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். "அந்தச் சொல்லை இன்னொருமுறை சொல்" என்று குடைச்சலை இரண்டுதரம் கேட்டார்.

கைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "தெளிவாக எழுதியிருக்கிறார். எந்த டாக்டர்?" என்றார்.

உமா என்னைப் பார்த்தாள். "மாட்டு டாக்டர்" என்றேன் தமிழில். அவள் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அவருக்கு டிக்கைத் தெரிந்திருக்கிறது" என்றார் அவர். அவ்வளவுதான். சீட்டை நகலெடுத்து என் ஃபைலில் வைக்கச் சொன்னார்.

முட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்தார்கள். மறுபடி ரத்தம். கடைசியில் அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இந்த நோய்க்கான சோதனைகள் இன்னும் நம்பும்படி இல்லை. இல்லை என்று வந்தால் இல்லை என்று அர்த்தமில்லை. உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்க வேண்டும். காத்திருப்பதை விட மருந்து கொடுப்பது நல்லது."

சங்கரன்கோவில் பெஞ்சில் கேட்டதையே வேறு வாயிலிருந்து கேட்டேன். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, பத்து நாளுக்கு மேல் கையில் ஊசி குத்தி பெனிசிலின் ஏற்றினார்கள்.

மருந்து தொடங்கும்போதே முகம் கொஞ்சம் திரும்ப ஆரம்பித்திருந்தது. கிறிஸ்துமஸுக்குள் கண் மூடியது. முட்டின் வீக்கம் வடிய வசந்தகாலம் ஆனது. முகம் மருந்தால் சரியானதா, தானாகவே சரியாகியிருக்குமா என்று நிபுணரிடம் கேட்டேன். "தெரியாது" என்றார். இப்போதும் சாப்பிடும்போது இடது கண்ணில் நீர் கசியும். பனிக்காலத்தில் முட்டு குடையும். மற்றபடி நலம். ஆக, கேட்டவர்களுக்கெல்லாம் பதில்: வாய் சரியாகிவிட்டது.

நாயகத்துக்கு விவரம் எழுதினேன். அவன் ஆட்டு மருந்து வாங்கப் போனபோது டாக்டர் அருணாசலத்திடம் சொல்லியிருக்கிறான். அவர் சந்தோஷப்பட்டாராம். ஆனால் சீட்டை நகலெடுத்து வைத்திருக்கிறார்கள் என்றதும் பதறிப்போய், "ஏலே, அதுல என் கையெழுத்து இருக்கா? மனுசருக்குச் சீட்டெழுதினேன்னு மேல தெரிஞ்சா என் வேலைக்கு உலைதான், யார்ட்டயும் சொல்லிராத" என்றாராம். அவருக்கு இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்று பேச்சி எழுதியிருக்கிறாள்.

8

"இவ்வளவு பட்ட பிறகும் ஏன் அங்கேயே இருக்கிறாய்?" என்று சிலர் எழுதுகிறார்கள். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நோய் வந்தது இங்கே, அதைக் குணப்படுத்தியதும் இங்கே. அது உண்ணியால் வந்தது என்று கண்டது அங்கே. இதில் எந்த ஊரை நான் குறை சொல்ல? நோயில் நான் தெரிந்துகொண்டது ஊரைப் பற்றி அல்ல. உடம்பில் நடப்பதைத் தானே தன் வாயால் சொல்ல முடியாதவள் எந்த ஊரில் இருந்தாலும் பாதி நோயாளிதான் என்பது. அதனால் இரண்டு வருடமாக வாரம் இரண்டு மாலை ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். நாற்பது வயதில் முதல் வரிசையில் உட்காருகிறேன்.

உமாவுக்கு இப்போது வயது பதினைந்தாகிறது. நோய்க்காலத்தில் என்னோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். தினம் இரண்டு தமிழ்ச் சொல் கேட்பாள். நான் நடமாட ஆரம்பித்ததும் அது நின்றுபோனது. கதவைச் சாத்திக்கொள்கிறாள். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதுவும் ஆங்கிலத்தில். அவளைக் குற்றம் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் தாயாருக்கு வாயாக இருந்தவள். கொஞ்ச காலம் தனக்காக மட்டும் பேசிக்கொள்ளட்டும்.

இந்தக் கோடையில் ஒரு முகாமுக்குப் போகிறாள். ஆறு வாரம், காட்டுக்குள் கூடாரம். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கேட்டவுடன் முடியாது என்றேன். காடு, புல், மான், மான்மேல் உண்ணி. எனக்குத் தெரியாததா? மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் அவள் தமிழில் சொன்னாள்: "அம்மா, உன்னைக் கடிச்சதுக்கு நான் வீட்டுக்குள்ள இருக்கணுமா?"

ஊரில் அன்று மத்தியானம் தரையைப் பார்த்தபடி பேசிய என் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். பயம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. போ என்று சொல்லிவிட்டேன்.

நேற்று முகாமின் படிவத்தை நிரப்பினேன். நானே வாசித்து, நானே எழுதினேன். உமா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்று கேட்டு, கடைசியில் ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள். 'என் மகள் எப்போது கேட்டாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள். தயவுசெய்து நீங்களே அவள் முட்டுக்குப் பின்னால் பாருங்கள்' என்று எழுதினேன்.

"அம்மா! எல்லாரும் படிப்பாங்க!" என்று காகிதத்தைப் பிடுங்கினாள். கையில் பேனாவும் இருந்தது. எழுதியதை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாள். பிறகு மடித்து உறையில் போட்டு ஒட்டினாள்.